பிரேக் விளக்கு எரிந்தால் எங்கே போவது? கடலோர வண்டிகளுக்கு நாலு வழிகள்

போன ஆடி மாதம் அம்மாவை மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குக் காரில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வண்டி ஏறும்போது மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு. பாலத்தின் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் அணைந்துவிட்டது. அந்த இறக்கத்தில் ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்க வண்டிகளை ஓரங்கட்டி ஆட்கள் இறங்கி நிற்பது எப்போதும் உள்ளதுதான். குழந்தைகள் குறுக்கே ஓடும். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் என் கண் மீட்டருக்கே போனது.

அன்று சாயங்காலம் நாலு பேரிடம் கேட்டேன். நாலு பதில் வந்தது. "ஆயில் கொறஞ்சிருக்கும் மச்சான், ஊத்துனா அணைஞ்சிரும்" என்றார் மச்சான். ராமேஸ்வரத்துக்கு டாக்சி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன், "உச்சிப்புளியில காட்டுங்க தம்பி, சக்கரத்தக் கழட்டிப் பாத்துருவாரு" என்றார். கூட வேலை பார்க்கும் நண்பர் ராமநாதபுரத்துக் கம்பெனி சர்வீஸில் விடச் சொன்னார். சித்தப்பா மட்டும், "வண்டிய எடுக்காதடா. மெக்கானிக்க வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

இந்த நாலும் ஏதோ ஒரு நிலைமைக்குச் சரியானவைதான். எந்த நிலைமைக்கு எது என்று பிரித்துப் பார்க்காமல் நான் முதலில் தவறான வழியில் போனேன். அதிலிருந்து தெரிந்துகொண்டதை, நம் கடற்கரையில் வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

விளக்கு எதற்காக எரிகிறது

சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். பல்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். எரியவே இல்லையென்றால் அதுவும் கோளாறுதான். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஓடும்போது எரிந்தால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று. முதலாவது ஹேண்ட் பிரேக்: லிவர் முழுதாக இறங்கவில்லை, அல்லது அடியில் இருக்கும் சுவிட்ச் மணலிலும் துருவிலும் சிக்கிக்கொண்டது. இரண்டாவது, பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கிவிட்டது. மூன்றாவது, ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பக்கத்துக் கோளாறு. அப்போது மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் கூடவே எரியும். சில வண்டிகளில் ஆல்டர்னேட்டர் கெட்டால் பேட்டரி விளக்கோடு சேர்ந்து இதுவும் எரிவதுண்டு.

இந்த மூன்றில் நம்மை ஏமாற்றுவது இரண்டாவதுதான். எஞ்சின் ஆயில் ஓட ஓடக் கொஞ்சம் எரிந்து குறையும். பிரேக் ஆயில் அப்படி இல்லை. அது மூடிய குழாய்க்குள் இருப்பது. சக்கரத்தோடு சுழலும் தட்டைப் பிடித்து நிறுத்துவது பேட்; அதைத் தள்ளும் பிஸ்டன் காலிப்பருக்குள் இருக்கும். பேட் தேயத் தேய அந்தப் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். ஆகவே பேட் தேய்ந்தால் மட்டம் குறைவது இயற்கை. பேட் நன்றாக இருந்தும் மட்டம் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். கிளட்சுக்கும் அதே டப்பாவிலிருந்து ஆயில் போகிற வண்டிகள் இருக்கின்றன; அவற்றில் கிளட்ச் பக்கம் ஒழுகினாலும் இங்கே குறையும்.

என் வண்டியில் ஏற்றத்தில் எரிந்து இறக்கத்தில் அணைந்ததற்கும் இதுதான் காரணம். மட்டம் குறைந்தபட்சக் கோட்டை ஒட்டி இருந்தது. வண்டி மூக்கைத் தூக்கியதும் டப்பாவுக்குள் ஆயில் பின்னால் சாய்ந்தது, மட்டம் பார்க்கும் மிதவை இறங்கியது, விளக்கு எரிந்தது. மண்டபத்துச் சமதரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் இன்னும் சில வாரம் தெரியாமலே போயிருக்கும்.

எங்கே போவது என்று முடிவெடுக்கும் முன்

ஐந்து நிமிடம் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் லிவரை ஒரு தடவை முழுதாக மேலே இழுத்து, முழுதாக இறக்குங்கள். அணைந்துவிட்டால் பெரிய சங்கதி இல்லை. அந்தச் சுவிட்சைத் துடைத்து, துரு எடுக்கும் மருந்து அடித்தால் போதும்.

அணையவில்லையா? பானெட்டைத் திறந்து டப்பாவைப் பாருங்கள். வெள்ளையாக, உள்ளே தெரிகிற மாதிரி இருக்கும். மேல் கோடும் கீழ்க் கோடும் போட்டிருக்கும். பழைய டப்பா மஞ்சளேறி மட்டம் தெரியாவிட்டால் பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மிதவைக்குப் போகிற ஒயர் இணைப்பைக் கழற்றுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் கழற்றியதும் விளக்கு அணையும். அப்படியென்றால் மிதவையோ சுவிட்சோதான் கோளாறு. இணைப்பில் பச்சையாகப் பூத்திருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. பார்த்து முடித்ததும் இணைப்பைத் திரும்ப மாட்ட மறக்க வேண்டாம்.

அப்புறம் கால். நான் எல்லாவற்றையும் விட இதைத்தான் நம்புகிறேன். எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்தில் பிரேக்கை அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். பெடல் ஓர் இடத்தில் கல் மாதிரி நிற்க வேண்டும். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் போய்விட்டது. அந்த ரப்பர் போனால் டப்பாவில் மட்டம் குறையாமலே இருக்கலாம். ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று ஏறியிருக்கிறது.

கடைசியாக நாலு டயரின் உள்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். ஈரமோ, ஒழுகிக் காய்ந்த கறையோ இருக்கிறதா என்று. எந்த வழியில் போவது என்பதை இந்த ஐந்து நிமிடமே சொல்லிவிடும்.

முதல் வழி: ஊற்றி ஓட்டுவது

நான் செய்தது இதைத்தான். அரை லிட்டர் பாட்டில் வாங்கி மேல் கோடு வரை ஊற்றினேன். விளக்கு அணைந்தது. பன்னிரண்டு நாள் அணைந்தே இருந்தது. தேவிபட்டினம் போகும் வழியில் ஒரு வளைவில் மறுபடி எரிந்தது.

அதற்குப் பிறகுதான் உச்சிப்புளி மெக்கானிக் அண்ணன் பின்பக்க இடது டிரம்மைக் கழற்றினார். சுத்தியலால் நாலு பக்கமும் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே, டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூ இரண்டிலும் ஆயிலும் தூசியும் கலந்து, கருப்பாகக் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தது. மேலே விரல் நீளத்துக்கு, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர். அதன் ரப்பர் உறையை அண்ணன் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் விலக்கினார். சொட்டு சொட்டாக ஆயில் இறங்கியது. பிஸ்டனைத் துடைத்து என் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய உலோகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி பழுப்புப் பள்ளங்கள். "இதுல ரப்பர் எப்படித் தம்பி நிக்கும்?" என்றார். நான் ஊற்றிய ஆயில் பன்னிரண்டு நாளும் அந்த ஷூவைத்தான் நனைத்திருக்கிறது. ஆயில் குடித்த ஷூ பிடிக்காது; கழுவினாலும் அதை நம்ப முடியாது. வீல் சிலிண்டரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, பின்பக்க ஷூ முழுதும் மாற்றும் வேலையானது.

பேட் தேய்ந்துதான் மட்டம் குறைந்திருக்கிறது என்றாலும் ஊற்றுவது நல்லதல்ல. புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். தள்ளப்பட்ட ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வந்து வழியும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். அது மட்டுமில்லை, தேய்ந்த பேட்டைக் காட்டிக்கொடுக்க இருந்த ஓர் அடையாளத்தையும் நாமே அழித்துவிடுகிறோம்.

ஊற்றுவதற்கு ஒரே ஒரு சமயம் உண்டு. மட்டம் கீழ்க் கோட்டுக்குச் சற்றுக் கீழே, பெடல் உறுதியாக நிற்கிறது, டயர்கள் காய்ந்திருக்கின்றன, ஒர்க்‌ஷாப் பக்கத்தில் இருக்கிறது. அப்போது கீழ்க் கோட்டைத் தாண்டும் அளவுக்கு மட்டும் ஊற்றி, நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். வீட்டில் பாதி மிச்சம் இருக்கும் பாட்டிலைத் தொடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

இரண்டாவது வழி: தெரிந்த மெக்கானிக்

பெடல் உறுதியாக நின்று, சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால் நான் இனிமேல் போவது இந்த வழிதான். காரணம் முதலில் தூரம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி என்று வழி நெடுக ஒர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன. பிரேக்கில் சந்தேகம் உள்ள வண்டியைப் பக்கத்து ஊரில் நிறுத்துவதும், பஸ்ஸும் லாரியும் விரையும் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டுவதும் ஒன்றாகாது.

இரண்டாவது காரணம், கூட நின்று பார்க்கலாம். பிரேக் வேலையில் இது பெரிய விஷயம். நாலு சக்கரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, தேய்கிற பகுதி மட்டும் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். காலிப்பர் நகர்கிற பின்கள் கையால் தள்ளினால் நகர்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரை வண்டிகளில் இவை துருவில் இறுகிவிடும். உள்பக்கப் பேட் கரைந்துபோயிருக்கும், வெளிப்பக்கப் பேட் புதிதாகவே இருக்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர் "பேட் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்.

மூன்றாவது, இந்தக் காற்றைத் தெரிந்தவர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கம் நிற்கிற வண்டியில் எந்த இடம் முதலில் துருப்பிடிக்கும் என்று உச்சிப்புளி அண்ணனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துருவை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பே இந்தக் காற்றில் நலிந்து, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நின்றது. நம் வண்டிக்கு அடியில் ஓடும் பிரேக் குழாய் சுண்டு விரல் தடிமன்கூடக் கிடையாது.

குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முன்பு ஒரு தடவை வேறோர் ஒர்க்‌ஷாப்பில் ஒழுகிய பிரேக் குழாயை வெட்டி, நடுவில் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார்கள். நான் கூட நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அண்ணன் காட்டியபோதுதான் தெரியும். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது அந்தக் குழாய்க்குள் எழும் அழுத்தத்துக்குப் பற்றவைத்த இடம் என்றைக்கு வேண்டுமானாலும் விட்டுவிடலாம். குழாய் போனால் முழுக் குழாய்தான். ஒட்டு வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று ஆயில். திறந்து வைத்த பெரிய கேனிலிருந்து ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சீல் உடைக்காத பாட்டிலை நீங்களே வாங்கிக் கொடுங்கள். எந்த ரகம் என்று டப்பா மூடியிலேயே போட்டிருக்கும். வேலை முடிந்ததும் நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தார்களா, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார்களா என்று பாருங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறக்க, குமிழி நின்று சுத்தமான ஆயில் வரும்வரை செய்ய வேண்டிய வேலை அது. டப்பாவில் ஆயில் வற்றவிடாமல் நடுநடுவே ஊற்ற வேண்டும். நீங்களே பெடலில் உட்கார்ந்தால் எல்லாம் கண்முன்னே நடக்கும்.

மூன்றாவது வழி: கம்பெனி சர்வீஸ்

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் இந்தப் பக்கம் தராசு சாய்கிறது. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதனால் இப்போது ஓடும் புதிய வண்டிகள் எல்லாவற்றிலும், ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் ஒரு சென்சார் இருக்கிறது. எந்தச் சக்கரம் கோளாறு என்று கண்ணால் சொல்ல முடியாது. ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். செல்போனோடு இணைக்கிற சின்ன ஸ்கேனரை ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கும் நண்பர்கள் உண்டு. அவை பெரும்பாலும் எஞ்சின் கோளாறை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது. "ஸ்கேன் பண்ணினேன், ஒண்ணும் இல்லை" என்று அதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் கொஞ்சம் அதிகம் கவனம் வேண்டும். முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் வேலை செய்யவில்லை என்று பொருள். பெடல் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் அவசரத்தில் ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலக்கூடும். மழையிலும், மணல் படிந்த ரோட்டிலும் இது பொல்லாதது. தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் போகிறவர்களுக்கு மணல் படிந்த ரோடு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு வண்டி இல்லையென்றால், முன்னால் போகிறவருக்கு நிறைய இடம் விட்டு மெதுவாகப் போய்ச் சேருங்கள்.

வாரண்டி மிச்சம் இருந்தாலும் இங்கேதான் போக வேண்டும். வெளியே கை வைத்துவிட்டுப் பிறகு போனால் பேச்சு வளரும்.

எனக்கு இந்த வழியில் பிடிக்காதது இரண்டு. ஒன்று, சுத்தம் செய்தால் சரியாகிற பொருளையும் முழுதாக மாற்றச் சொல்வார்கள். இன்னொன்று, உள்ளே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பில்லைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே வண்டியை விடும்போதே, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் எழுதுவார்கள். மதுரை வரை போக வேண்டுமா என்று கேட்டால், பிரேக்குக்காக வேண்டாம் என்பேன். ராமநாதபுரத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். ராமநாதபுரத்தில் முடியாது என்று அவர்களே சொன்னால் வண்டியை ஏற்றி அனுப்பட்டும்.

நான்காவது வழி: வண்டியை எடுக்காமல் ஆளை வரவழைப்பது

சித்தப்பா சொன்னது. இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பெடல் கீழே இறங்கினாலோ, டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தாலோ, டப்பா காலியாக இருந்தாலோ வேறு பேச்சே கிடையாது. மெக்கானிக் வரட்டும், அல்லது ரெக்கவரி வண்டி வரட்டும். இன்சூரன்ஸில் ரோட்டு உதவி சேர்த்திருக்கிறதா என்று இப்போதே பாலிசியை எடுத்துப் பாருங்கள். பலருடைய பாலிசியில் இருக்கும், தெரியாமலே வைத்திருப்பார்கள்.

"ஒரு பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் பிடிக்கும்ல" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், பிரேக் குழாய்கள் இரண்டு தனிப் பாதைகளாகப் பிரிந்தே இருக்கும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பெரும்பாலும் குறுக்காக: முன் இடதும் பின் வலதும் ஒரு பாதை, முன் வலதும் பின் இடதும் இன்னொரு பாதை. ஒன்று போனால் மற்றது பிடிக்கும். ஆனால் பெடல் பாதி தூரம் வெறுமனே இறங்கிய பிறகே பிடிக்கும், பாதி பலத்தில்தான் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று போனால் ஓரங்கட்டி நிறுத்துவதற்காகக் கொடுத்த ஏற்பாடு அது. பழுது தெரிந்த பிறகு கிளம்பிப் போவதற்கு இல்லை.

மாற்றுவதா, சரிசெய்வதா

யாரிடம் போனாலும் அடுத்த கேள்வி இது. ஏபிஎஸ் சென்சாரில் தொடங்குகிறேன். சென்சார் நுனியில் உப்பும் இரும்புத் தூசியும் அப்பிக்கொண்டால் சுத்தம் செய்தே சரியாக்கலாம். அதற்கு எதிரே சுழலும் பல் வளையத்தில் துரு ஏறி உப்பியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்கலாம். பல் உடைந்திருந்தாலோ வளையம் விரிசல் விட்டிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் பல் வளையத்துக்குப் பதிலாக பேரிங்கிலேயே காந்த வளையம் வருகிறது. அதைத் தேய்க்கக் கூடாது. ஒயரின் மேலுறை வெடித்திருந்தால் டேப் சுற்றுவது வீண். செம்புக் கம்பிக்குள் உப்பு ஏறி ஊர்ந்துகொண்டே போகும்.

வீல் சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் மாற்றலாம் என்று சொல்வார்கள். உள் சுவர் வழவழப்பாக இருந்தால் சரி. எனக்குக் காட்டியது போலப் பள்ளம் விழுந்திருந்தால் புதிய ரப்பரும் சில மாதத்தில் ஒழுகும். நான் இரண்டு பக்கமும் புதிய சிலிண்டரே போட்டேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது பிரேக்கில் நல்ல பழக்கம் இல்லை. வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

குழாய் விஷயத்தில் இருப்பது மூன்று. கம்பெனி தருகிற, மேல் பூச்சு போட்ட இரும்புக் குழாய் அளவாக வளைத்தே வரும், சரியாக உட்காரும். ஆனால் நம் காற்றில் சில வருடம் கழித்து அதுவும் துருப்பிடிக்கும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் உப்பில் துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். கடல் பக்கத்து வண்டிக்கு நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். கடையில் கேட்டு வரவழைக்க வேண்டியிருக்கும். முனையை இரட்டை மடிப்பாகச் சரியாக அடிக்கும் கருவியும், அடிக்கத் தெரிந்த கையும் வேண்டும். மூன்றாவது வெறும் செம்புக் குழாய், ஏசி வேலைக்கு விற்பது. வேண்டவே வேண்டாம். அதிர்வில் இறுகி விரிசல் விடும். இதுவும் செம்பு நிக்கல் குழாயும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே நிறம் என்பதால் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆயில் ரகத்தைப் பொறுத்தவரை, மூடியில் டாட் 3 (DOT 3) என்று இருந்தால் டாட் 4 ஊற்றலாம்; டாட் 4 என்று இருந்தால் டாட் 3 ஊற்றக் கூடாது. கொதிநிலைதான் வித்தியாசம். புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும், டாட் 4 குறைந்தது 230. ஈரம் ஏறிய பிறகு அவை 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடும். ராமநாதபுரம் மாவட்டத்துச் சமதரையில் பிரேக் அவ்வளவு சூடாவது அபூர்வம். ஆனால் கோடை விடுமுறையில் இதே வண்டியில்தான் கொடைக்கானல் போகிறோம். வத்தலகுண்டு பக்கம் இறங்கும்போது ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேர்ந்து பெடல் வெற்றாக இறங்கும். நமக்கு இதைவிட அன்றாட ஆபத்து, அதே ஈரம் உள்ளிருந்து சிலிண்டரைத் துருப்பிடிக்க வைப்பது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயிலை முழுதாக மாற்றுங்கள். என் வண்டியில் நாலு வருடம் மாற்றாமல் இருந்திருக்கிறது. டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கான். நம் வண்டிகளில் உள்ள ஆயிலோடு சேரவே சேராது.

ஓடாமல் நிற்கும் வண்டிகள்

கீழக்கரை, தொண்டி பக்கத்து வீடுகளில் ஒரு தனிக் கதை உண்டு. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார். வண்டி வேப்பமரத்தடியில் எட்டு மாதம், பத்து மாதம் நிற்கும். விடுமுறைக்கு வந்து எடுத்தால் விளக்கு எரியும், பின்சக்கரம் அசையாது. கீழக்கரையில் என் நண்பன் ஒருவனின் காக்காவுடைய (அண்ணனுடைய) வண்டி அப்படித்தான் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டே துபாய் போயிருந்தார். ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொண்டது. முதல் கியரில் போட்டு இழுத்துப் பார்த்ததில் ஷூவின் மேல்பகுதி பிய்ந்து டிரம்மிலேயே தங்கிவிட்டது.

இப்படி நின்ற வண்டிக்கு நாலாவது வழியைத் தவிர வேறு வேண்டாம். எடுக்காமலேயே மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். போகும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் போங்கள். மாதம் இரண்டு தடவை தெருவைச் சுற்றி ஓட்ட வீட்டில் யாரிடமாவது சொல்லிவைத்தால் இன்னும் நல்லது.

வண்டி கழுவுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரிச்சல்முனை போய்வந்ததும் அடியில் தண்ணீர் அடிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ராமேஸ்வரம் தீவில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரே உப்பு. உப்பை உப்பால் கழுவி வெயிலில் காயவிட்டால் என்ன பயன்? குடிக்க வரும் காவிரித் தண்ணீரை வண்டிக்குச் செலவழிக்க மனசு வராது, அது நியாயமும் இல்லை. நான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, ஒரு கை ஸ்பிரேயரால் சக்கரத்துக்குள்ளும் குழாய் ஓடும் இடத்திலும் மட்டும் அடிக்கிறேன். ஒரு குடத் தண்ணீர் போதும்.

போன வாரம் அண்ணன் வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தார். பின் அச்சுக்கு மேலே, பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் குழாய் செதில் செதிலாக உரிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி கொட்டியது. இன்னும் ஒழுகவில்லை, விளக்கும் எரியவில்லை. "இப்பவே மாத்திருவோம் தம்பி" என்றார். சரி என்றேன். செம்பு நிக்கல் குழாய்க்குச் சொல்லியிருக்கிறார், மதுரையிலிருந்து வர மூன்று நாள் ஆகுமாம். வண்டி அவர் ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கிறது, முதல் கியரில், சக்கரத்துக்கு இரண்டு கல்லோடு. நாளைக்கு ராமேஸ்வரம் போக வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் போகிறோம்.